நாளை பனிப்புயல் எச்சரிக்கை: 38 கி.மீ. ஓட்டி வேலைக்குப் போகலாமா?

தாமிரபரணி | செவ்வாய், மாலை 4:20

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் சஸ்காச்சுவான், மனிடோபா பக்கம் இருப்பவர்கள் சீக்கிரம் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாங்கள் ஸ்விஃப்ட் கரன்ட்டுக்குத் தெற்கே, 4-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நூறு வீடு இருந்தால் அதிகம். இவருக்கு இங்கே டிராக்டர், கம்பைன் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. நான் ஸ்விஃப்ட் கரன்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து 38 கி.மீ. போன குளிர்காலம் சஸ்கட்டூனில் அடுக்குமாடி வீட்டில் கழிந்தது. வயல்வெளிக்கு நடுவே இதுதான் முதல் குளிர்காலம்.

நாளை மதியத்திலிருந்து பனிப்புயல் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். பனி 10 செ.மீ., காற்று மணிக்கு 70 கி.மீ., அவ்வப்போது 90. எனக்கு மதியம் 3 மணி முதல் இரவு 11 வரை ஷிஃப்ட். சூப்பர்வைசரைக் கேட்டால் "முடிந்தால் வாருங்கள்" என்கிறார். முடியுமா முடியாதா என்று தெரியாமல்தானே கேட்கிறேன்!

10 செ.மீ. என்பது அரைச் சாண். போன மாதம் அதைவிட அதிகம் விழுந்த நாளிலேயே ஓட்டிப் போய் வந்திருக்கிறேன். அப்புறம் ஏன் ஊரே கோ-ஆப் கடையில் பாலும் பிரெட்டும் வாங்க நிற்கிறது? அம்மா வேறு அம்பாசமுத்திரத்திலிருந்து போனில், "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும், பார்த்து இரு" என்கிறாள். அவளுக்குத் தெரிந்த பனி, மார்கழியில் கோலம் போடும்போது தலையில் இறங்குகிற பனி.

ஸ்கார்பரோ_சிவா | செவ்வாய், மாலை 4:41

தங்கச்சி, 10 சென்டிமீட்டருக்கா இந்தப் பயம்? நான் ரொறன்ரோவுக்கு வந்து 27 வருசம். 25 சென்டிமீட்டர் கொட்டின நாளிலும் 401 நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். வின்டர் டயர் நல்லதாக இருக்க வேணும், முன்னால் போகிற வாகனத்துக்கும் உங்களுக்கும் இடைவெளி விட வேணும், பிரேக்கை மெதுவாகத் தொட வேணும். அவ்வளவுதான்.

வன்னிமகன் | செவ்வாய், மாலை 5:02

சிவா அண்ணை, கோபிக்காதையுங்கோ. 1999 ஜனவரியில் ஸ்னோ கொட்டினது என்று இராணுவத்தைக் கூப்பிட்டது எந்த நகரம் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரெய்ரியில், இந்த வெட்டவெளிச் சமவெளியில், இருக்கிற ஆட்கள் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் பிராண்டனில் இருக்கிறேன், 12 வருசமாக றக் ஓட்டுகிறேன். விநிபெக்கிலிருந்து கல்கரி வரைக்கும் 1-ஆம் எண் சாலை எனக்கு வீட்டு முற்றம் மாதிரி. தங்கச்சி, நாளைக்கு மதியத்துக்குப் பிறகு வெளிக்கிடாதையுங்கோ. நீங்கள் 10 செ.மீ. என்கிற எண்ணைப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியது 70-ஐயும் 90-ஐயும்.

கனடாவில் இந்தப் பகுதிகளுக்குப் பனிப்புயல் எச்சரிக்கை எப்ப போடுவார்கள் தெரியுமோ? காற்று மணிக்கு 40 கி.மீ. அல்லது அதற்கு மேல், பார்வை 400 மீட்டர் அல்லது அதற்குக் கீழ், இரண்டும் சேர்ந்து குறைந்தது 4 மணித்தியாலம். எத்தனை சென்டிமீட்டர் விழ வேணும் என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு பொட்டு ஸ்னோ வானத்திலிருந்து விழாமலே புயல் வரும். மேலே பார்த்தால் நீல வானம், கீழே உங்கட வாகனத்தின் மூக்குத் தெரியாது.

401-இல் உங்களுக்கு முன்னால் ஆயிரம் வாகனத்தின் சிவப்பு விளக்கு இருக்கும். இங்கே முன்னால் ஒன்றும் இராது. அதுதான் வித்தியாசம்.

கறுப்புமண் | செவ்வாய், மாலை 5:30

வன்னிமகன் சொன்னதுதான் சரி. நான் ரெஜைனாவுக்குக் கிழக்கே விவசாய ஆலோசகராக 14 வருடமாக வேலை பார்க்கிறேன். காற்றும் பனியும் என் தொழிலோடு சேர்ந்தவை, கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுகிற பனி வேறு, ஓடுகிற பனி வேறு. ஏற்கனவே வயலில் கிடக்கும் உலர்ந்த பனியை எழுப்பப் பெரிய காற்று வேண்டாம். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் ஜான் பொமராய் இந்த ஓடும் பனியைப் பல வருடம் ஆராய்ந்தவர். அவர்கள் கணக்குப்படி உலர்ந்த பனி கிளம்ப சராசரியாக மணிக்கு 28 கி.மீ. காற்றே போதும். முதலில் துகள்கள் தரையோடு உருளும். காற்று ஏறினால் சூடான எண்ணெயில் கடுகு துள்ளுவது போல ஒன்று குதித்து இன்னொன்றைக் கிளப்பும். இன்னும் ஏறினால் அப்படியே தூக்கிக்கொண்டு, ஆள் உயரத்துக்கும் மேலே தூளாகப் போகும். உங்களுக்கு நாளை 70. போன மாதம் விழுந்தது, அதற்கு முந்தைய மாதம் விழுந்தது எல்லாமே எழுந்து நடக்கப் போகிறது.

ஒன்டாரியோவில் மரம், மேடு, கட்டடம் இருக்கிறது. இங்கே காற்றை மறிக்க என்ன இருக்கிறது? ராக்கி மலையிலிருந்து இறங்கினால் உங்கள் வீட்டு வாசல்தான். அந்த மலையின் கிழக்குச் சரிவில் உருவாகி வேகமாக ஓடிவரும் தாழ்வழுத்தத்தை இங்கே 'அல்பர்ட்டா கிளிப்பர்' என்பார்கள். ஈரம் குறைவு, பனி கொஞ்சம்தான், ஆனால் காற்றும் பின்னால் வரும் குளிரும் கடுமை. தெற்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா ஈரத்தை இழுத்துக்கொண்டு வருவது 'கொலராடோ லோ'. அதுதான் மனிடோபாவைப் புதைக்கும். உங்களுக்கு வருவது முதல் ரகம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. 4-ஆம் எண் சாலை வடக்கு தெற்காகப் போகிறது. காற்று வடமேற்கிலிருந்து வரும். சாலைக்குக் குறுக்காகப் பனி ஓடும்போது, எங்கெல்லாம் ஒரு பள்ளமோ வேலியோ புதரோ இருக்கிறதோ அங்கெல்லாம் கொட்டிவிட்டுப் போகும். நூறு மீட்டர் சாலை கரும் தாராகத் தெரியும், அடுத்து திடீரென்று இடுப்பளவு மேடு. காற்றில் அடித்துச் சேர்ந்த பனி பஞ்சு மாதிரி இருக்காது. துகள் உடைந்து இறுகி, ஏறி நின்றாலும் அமுங்காது. 80-இல் போய் அதில் மோதினால் சுவரில் மோதின மாதிரிதான்.

ஃபார்கோ_பாரி | செவ்வாய், மாலை 6:15

எல்லைக்குத் தெற்கே வடக்கு டகோட்டாவிலிருந்து. எங்கள் பக்கம் அளவுகோல் கொஞ்சம் வேறு: காற்று மணிக்கு 35 மைல், அதாவது 56 கி.மீ., பார்வை கால் மைலுக்குக் கீழ், 3 மணி நேரம். அப்படிப் பார்த்தால் அங்கே பனிப்புயல் என்பது இங்கே வெறும் 'காற்றுள்ள புதன்கிழமை'. :)

விளையாட்டை விடுங்கள். இங்கே பழைய ஆட்கள் மறக்காத ஒரு தேதி 1888 ஜனவரி 12. அன்று காலை இதமாக இருந்ததாம். அதற்கு முன் பல நாள் கடுங்குளிர் என்பதால் பிள்ளைகள் கனமான மேல்சட்டை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள், பெரியவர்கள் மாட்டை வெளியே ஓட்டினார்கள். பகலில் சில நிமிடங்களில் வெண்சுவர் ஒன்று வந்து மூடிவிட்டது. டகோட்டா, நெப்ராஸ்கா பக்கம் 235 பேர் வரை இறந்ததாகச் சொல்வார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. அதனால்தான் அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் புயல் என்றே பெயர். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே வழி தவறிச் செத்தவர்களும் உண்டு.

தாமிரபரணி, இன்று வெளியே எப்படி இருக்கிறது?

தாமிரபரணி | செவ்வாய், மாலை 6:48

அதைக் கேட்காதீர்கள். மைனஸ் 4. காற்றே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் தொப்பிகூட இல்லாமல் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான்.

சரி, போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் என் வேலை கடையில் பில் போடுகிற வேலை இல்லை. அங்கே 34 பேர் இருக்கிறார்கள். பாதிப் பேரை இரண்டு ஆள் சேர்ந்துதான் படுக்கையிலிருந்து தூக்க வேண்டும். நான் போகவில்லை என்றால் காலை ஷிஃப்டில் இருப்பவள் வீட்டுக்குப் போக முடியாது. அவளுக்குக் கைக்குழந்தை. 'வரவில்லை' என்று ஒரு போன் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுக்க மனசு வரவில்லை.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 7:05

மனசு வரவில்லை என்பது நிர்வாகத்துக்குத்தான் வசதி. எச்சரிக்கை முன்கூட்டியே தெரியும். ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள். 'முடிந்தால் வாருங்கள்' என்றால் பள்ளத்தில் விழுந்தால் அது உங்கள் முடிவு என்று அர்த்தம்.

நெய்தல் | செவ்வாய், இரவு 7:22

நான் ரெஜைனாவில் 11 வருடமாக நர்ஸ். கணக்குப்பிள்ளை சொல்வது நியாயம்தான், ஆனால் அந்த நியாயம் நாளை மதியம் யாரையும் படுக்கையிலிருந்து தூக்காது.

தங்கை, போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே தப்பு. எப்போது போவது என்று கேளுங்கள். புயல் மதியம்தானே? காலை விடிந்தவுடன் கிளம்பி, பத்து மணிக்குள் அங்கே போய்விடுங்கள். இரண்டு நாள் துணி, மாத்திரை, போன் சார்ஜர், தலையணை. அங்கேயே தங்கிவிடுங்கள். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்வோம். குளிர்காலம் முழுவதும் என் லாக்கரில் ஒரு பல்துலக்கியும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் இருக்கும். சோறு எப்படியும் கிடைத்துவிடும். :)

ஆனால் இன்று ராத்திரியே சூப்பர்வைசருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: "காலையில் வருகிறேன், சாலை திறக்கும் வரை தங்குகிறேன், படுக்க இடம் வேண்டும், எந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வரும் என்று சொல்லுங்கள்." வாய்ப்பேச்சு வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 7:30

இதை ஒத்துக்கொள்கிறேன். எழுத்தில் வாங்குவது முக்கியம்.

வன்னிமகன் | செவ்வாய், இரவு 8:10

நெய்தல் அக்கா சொன்னதுதான் வழி. வெளிக்கிட முன்னம் சஸ்காச்சுவான் நெடுஞ்சாலை ஹாட்லைனைப் பாருங்கோ. 'பயணம் பரிந்துரைக்கப்படவில்லை' என்று போட்டிருந்தால், அவர்கள் சாலையை மூடவில்லை என்றுதான் அர்த்தம், போகலாம் என்றில்லை. மனிடோபாவில் எங்களுக்கு 1-ஆம் எண் சாலைக்குக் குறுக்கே கேட்டே இருக்கிறது, இறக்கிவிட்டால் வாய் பேசாமல் றக்கைத் திருப்ப வேண்டியதுதான்.

வாகனத்தில் என்ன வைக்க வேணும் எண்டு ஒரு பெரிய பட்டியல் சொல்வார்கள். என் அனுபவத்தில் உயிர் காப்பது நாலே சாமான்: ஸ்னோ அள்ளுகிற சவள், கம்பளி, காலியான கோப்பித் தகரம் ஒன்றுக்குள்ளே மெழுகுவர்த்தியும் நெருப்புப் பெட்டியும், சொக்லேட். ஒரு மெழுகுவர்த்தியின் சூடு மூடின காருக்குள் நீங்கள் நினைப்பதைவிடக் கூட. டாங்க் நிறையப் பெற்றோல் அடித்துவிட்டு ஏறுங்கோ.

கடவுளே எண்டு அப்பிடி நடக்கக்கூடாது, நடந்தால்: காரை விட்டு இறங்கி நடக்கவே கூடாது. வெளிச்சம் தெரிகிற மாதிரி இருக்கும், அது ஒரு கிலோமீட்டரோ ஐந்து கிலோமீட்டரோ தெரியாது. காரைத் தேடி எடுப்பார்கள், நடந்த ஆளைத் தேடி எடுப்பது கஷ்டம். என்ஜினை மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் மட்டும் ஓட விடுங்கோ. ஒவ்வொரு தடவையும் போட முன்னம் புகைக் குழாயைச் சுற்றி ஸ்னோ அடைத்திருக்கோ எண்டு பார்த்து வழித்துவிட்டு, காற்று அடிக்காத பக்கத்து யன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கோ. குளிரைவிட அந்தப் புகைதான் சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்.

இன்றைக்கு ராத்திரி என்ஜினைச் சூடாக வைக்கிற பிளாக் ஹீட்டரைச் செருக மறக்காதையுங்கோ.

தாமிரபரணி | செவ்வாய், இரவு 8:25

காரின் மூக்கில் தொங்குகிற அந்த ஒயரா? முதல் முறை பார்த்தபோது இது மின்சாரக் கார் என்று நினைத்து ஊருக்கு வீடியோ அனுப்பியிருந்தேன். சரி, காலையில் கிளம்புகிறேன். சூப்பர்வைசருக்கு எழுதிவிட்டேன்.

தாமிரபரணி | புதன், காலை 9:40

வந்து சேர்ந்துவிட்டேன். சாலை சுத்தமாக இருந்தது, வெயில்கூட அடித்தது. கேலி செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே வந்தால் எனக்கு முன்னே மூன்று பேர் தலையணையோடு வந்திருக்கிறார்கள்.

தாமிரபரணி | புதன், மதியம் 2:15

ஒரு மணிக்கு வடமேற்கில் அடிவானம் மங்கியது. மேகம் என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் எதிரே இருந்த வாகன நிறுத்தம் காணோம். விளக்குக் கம்பம் ஒன்று மட்டும் நிழல் மாதிரி வந்து வந்து போகிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வெள்ளை வேட்டியைக் கட்டி இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. சத்தம்தான் தாங்கவில்லை, கட்டடமே ஊளையிடுகிறது. இவர் வீட்டில் இருக்கிறார், பட்டறையை மூடிவிட்டார்களாம்.

தாமிரபரணி | புதன், இரவு 9:05

எல்லோரையும் படுக்க வைத்தாயிற்று. ஒரு பாட்டி மட்டும் தூங்க மாட்டேன் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். "இதெல்லாம் புயலா? நாற்பத்தேழில் நீ பார்த்திருக்க வேண்டும்" என்று ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஏழு வயதாம். வீட்டுக் கதவைத் திறந்தால் பனிச்சுவரில் கதவின் அச்சு அப்படியே பதிந்திருந்ததாம். அப்பா மாடி ஜன்னல் வழியாக வெளியே போய்ப் பள்ளம் தோண்டிக் கதவைக் கண்டுபிடித்தாராம். கழிப்பறைக்குப் போகச் சுரங்கம்! நான் பாதிதான் நம்பினேன்.

கறுப்புமண் | புதன், இரவு 9:20

முழுவதும் நம்பலாம். 1947 ஜனவரி 30 முதல் பிப்ரவரி 8 வரை பத்து நாள் அடித்தது. விநிபெக்கிலிருந்து கல்கரி வரை ஊர்களும் ரயில்களும் புதைந்தன. கனடா ரயில்வே வரலாற்றில் மிக மோசமான புயல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு ரயில் 1 கி.மீ. நீளமும் 8 மீட்டர் ஆழமும் உள்ள பனிமேட்டுக்குள் மாட்டிக்கொண்டது. சஸ்காச்சுவானில் சில தடங்கள் வசந்தம் வரை திறக்கவில்லை. பிள்ளைகள் மின்கம்பியைத் தாண்டிக் கால் வைத்துப் பள்ளிக்குப் போனார்கள் என்பதும், மூஸ் ஜாவில் ஒரு விவசாயி மாட்டுக்குத் தீவனம் போடத் தொழுவத்தின் கூரையில் ஓட்டை வெட்டி இறங்கினார் என்பதும் பதிவில் உள்ளவை.

உங்கள் அம்மா சொன்ன பழமொழியில் மச்சைத் துளைக்கும் என்று வந்ததே, இங்கே மச்சையே மூடிவிட்டது.

ஃபார்கோ_பாரி | புதன், இரவு 9:31

எங்கள் பக்கம் 1966 மார்ச். ஜேம்ஸ்டவுன் அருகே ஒருவர் பனிமேட்டின் மேல் நிற்க, மின்கம்பத்தின் உச்சி அவர் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். அதே புயல்தான் 4-ஆம் தேதி விநிபெக்கை நிறுத்தியது.

தாமிரபரணி | புதன், இரவு 11:12

அவசரம். இவர் போன் செய்தார். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் கிளம்பி ஒரு நிமிடம் எரிந்து நின்றுவிடுகிறதாம். மூன்று நான்கு முறை அப்படியே. வீடு 14 டிகிரிக்கு வந்துவிட்டது. கரன்ட் இருக்கிறது. ஆளை வரவழைக்க வழியில்லை. யாருக்காவது தெரியுமா?

வன்னிமகன் | புதன், இரவு 11:15

வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டு இருக்குதோ? ஒன்று காற்றை உள்ளே இழுக்க, ஒன்று புகையை வெளியே விட. அது ஸ்னோவில் அடைபட்டிருக்கும். அடைபட்டால் அழுத்தம் பார்க்கிற சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்திவிடும். கார்பன் மோனாக்சைட் அலாரம் வேலை செய்யுதோ எண்டு முதலில் பார்க்கச் சொல்லுங்கோ. ஃபர்னஸை நிறுத்திவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நெய்தல் | புதன், இரவு 11:17

அலாரம் அடித்தாலோ, தலைவலி மயக்கம் வந்தாலோ குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வெளியேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய் 911 அழைக்க வேண்டும்.

கறுப்புமண் | புதன், இரவு 11:19

வெளியே போவதானால் கயிறு கட்டாமல் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். இங்கே முன்னோடிக் குடியேறிகள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு போனது சும்மா இல்லை. குழாய் வாசலிலிருந்து எவ்வளவு தூரம்?

தாமிரபரணி | புதன், இரவு 11:24

அலாரம் அடிக்கவில்லை, பச்சை விளக்கு எரிகிறது. தலைவலி இல்லை. குழாய் கொல்லைக் கதவிலிருந்து சுவரோரமாக ஆறேழு மீட்டர். துணி காயப்போடும் நைலான் கயிறு இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

கறுப்புமண் | புதன், இரவு 11:26

கதவுக் கைப்பிடியில் ஒரு முனை, இடுப்பில் ஒரு முனை. ஒரு கை சுவரை விடக் கூடாது. மூக்கு, காது, மணிக்கட்டு தெரியாமல் மூட வேண்டும். காற்றோடு சேர்த்துக் குளிர் மைனஸ் 40 என்றால் திறந்த தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறைந்துவிடும். பத்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் உள்ளே வந்து சூடாகிவிட்டு மறுபடி போகட்டும். இரும்புச் சவளால் குழாயைக் குத்த வேண்டாம், உடைந்துவிடும். கையால் தோண்டட்டும்.

தாமிரபரணி | புதன், இரவு 11:58

எரிகிறது. குழாய்க்கு மேலே இரண்டடிப் பனியாம். இரண்டு தடவை போய் வந்தார். ஆறு மீட்டர் போனதும் வாசல் விளக்கே தெரியவில்லை, கயிறு இல்லாவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிந்திருக்காது என்றார். எப்போதும் எல்லாவற்றுக்கும் ஜோக் அடிக்கிற மனிதர், இதைச் சொல்லும்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

எல்லோருக்கும் நன்றி. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

ஸ்கார்பரோ_சிவா | வியாழன், காலை 8:30

இப்பதான் எல்லாம் வாசித்தேன். தங்கச்சி, முதல் நாள் நான் எழுதினது பிழை. அதை அழிக்காமல் விடுகிறேன், பிறகு வருகிறவர்கள் பார்க்கட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், குதர்க்கமாக இல்லை. இந்த எச்சரிக்கைகளில் பாதி சும்மா போகிறதே? 2022 ஏப்ரலில் மனிடோபாவுக்குப் பல பத்தாண்டுகளில் காணாத புயல் எண்டு சொன்னார்கள். விநிபெக்கில் இருக்கிற என் மச்சான், "இதுக்கோ பள்ளிக்கூடம் மூடினது?" எண்டு சிரித்தான்.

வன்னிமகன் | வியாழன், காலை 9:10

அண்ணை, உங்கட மச்சான் விநிபெக்கைப் பார்த்தார். அங்கே சொன்னதைவிடக் குறைவுதான். மாகாணத்தின் மேற்குப் பக்கம் நன்றாகவே அடி விழுந்தது, நான் மூன்று நாள் வீட்டுக்குள்ளே. தாழ்வழுத்தம் போகிற பாதை ஐம்பது, நூறு கிலோமீட்டர் விலகினால் ஒரு ஊருக்கு ஸ்னோ, பக்கத்து ஊருக்கு மழை. சும்மா போகாததும் இருக்கு. 2019 ஒக்டோபரில், தாங்ஸ்கிவிங் நேரம், இலை உதிராத மரத்தில் ஈரமான ஸ்னோ விழுந்து ஒட்டி, மரமும் கம்பமும் முறிந்து, நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மின்சார நிறுவனமான மனிடோபா ஹைட்ரோவே தன் வரலாற்றில் அதைப்போல் மோசமானது இல்லை எண்டது.

கறுப்புமண் | வியாழன், காலை 9:45

அதிகம் என்று சொல்லிப் பொய்த்தால் ஒரு நாள் வேலை போகும், குறைத்துச் சொல்லிப் பொய்த்தால் உயிர் போகும். எனக்கு அந்தக் கணக்கே போதும். ஒன்று மட்டும் சிவா அண்ணனோடு ஒத்துப்போகிறேன்: நகரத்து எண்ணை வைத்துக் கிராமத்துக்குச் சொல்வதும், கிராமத்து எண்ணை வைத்து நகரத்துக்குச் சொல்வதும் குழப்பம்தான். அளவுமானி வைத்திருக்கும் இடத்தில் 8 செ.மீ. என்பார்கள், அதே ஊரில் ஒருவன் கொட்டகை மூடிக் கிடக்கும்.

தாமிரபரணி | வெள்ளி, மாலை 5:35

வீடு வந்துவிட்டேன். நேற்று மாலை காற்று நின்றது, இன்று காலை 11 மணிக்குச் சாலை திறந்தது. மொத்தம் 49 மணி நேரம் அங்கே. (கணக்குப்பிள்ளைக்கு: வேலை பார்த்த நேரமெல்லாம் எழுத்தில் இருக்கிறது. தூங்கிய நேரத்துக்குத் தர மாட்டார்களாம். பேசிக்கொண்டிருக்கிறோம்.)

வரும் வழியில் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மைனஸ் 29, துளி காற்றில்லை, கண் கூசும் வெயில், சூரியனுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சூரியன் மாதிரி இரண்டு வெளிச்சம். வயலில் பாதி இடம் மண் தெரிகிறது, போன வருட அறுவடைத் தாள் அப்படியே நிற்கிறது. அந்தப் பனியெல்லாம் எங்கே என்று பார்த்தால் சாலையோரப் பள்ளத்திலும் மரவரிசைக்குப் பின்னாலும் தேரி மாதிரி குவிந்திருக்கிறது. திருச்செந்தூர் போகிற வழியில் செம்மணல் தேரி பார்த்திருப்பீர்களே, அதே வளைவு, அதே வரிவரியான கோடு, நிறம் மட்டும் வேறு. பள்ளத்தில் ஐந்து வண்டி. ஒன்றின் கூரை மட்டும் தெரிந்தது. ஆட்களை புதன்கிழமையே எடுத்துவிட்டார்களாம்.

எங்கள் வீட்டு வாசலில் ஜன்னல் உயரத்துக்கு மேடு. இவர் சவளோடு நின்றபோது பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்காமலே டிராக்டரில் வந்து இருபது நிமிடத்தில் ஊதித் தள்ளிவிட்டுப் போனார். காசு என்றதும் கையை ஆட்டிவிட்டார். இரண்டு ராத்திரி தூங்கவில்லையாம், கன்று ஈனும் நேரம். ஈரத்தோடு பிறந்த கன்றை பிக்கப்பின் முன்சீட்டில் ஹீட்டர் முன்னால் வைத்துக் காய வைத்தாராம். ஒன்றுக்குக் காது நுனி போய்விட்டது. இவ்வளவுக்கும் நடுவே, "நல்ல பனி, இன்னும் இரண்டு வந்தாலும் சரி" என்கிறார். எனக்குப் புரியவே இல்லை.

கறுப்புமண் | வெள்ளி, மாலை 6:20

2021 வறட்சியைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் பகுதி பேலிசர் முக்கோணத்துக்குள் வருகிறது, பிரெய்ரியிலேயே காய்ந்த இடம். 10 செ.மீ. பனி உருகினால் சுமாராக 1 செ.மீ. தண்ணீர், இங்கே உலர்ந்த பனி என்பதால் அதற்கும் குறைவு. கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம்தான் மே மாதம் விதை முளைக்கும் ஈரம், கால்நடைக் குட்டைக்கு வரும் தண்ணீர்.

நீங்கள் பார்த்த அறுவடைத் தாள் சோம்பேறித்தனத்தால் விட்டதில்லை. உயரமாக அறுத்து நிற்க விட்டால் அது பனியைப் பிடித்து வைக்கும். இல்லாவிட்டால் ஓடுகிற பனியில் கணிசமான பங்கு காற்றிலேயே ஆவியாகிப் போய்விடும், உருகுவதே இல்லை. மரவரிசையும் அதற்குத்தான். இந்தியன் ஹெட் என்ற ஊரில் அரசு நாற்றங்கால் ஒன்று நூறு வருடத்துக்கும் மேலாகப் பண்ணைகளுக்கு மரக்கன்று கொடுத்து வந்தது. கரகானா என்ற புதர், மனிடோபா மேப்பிள், ஆஷ் எல்லாம் அங்கிருந்து போனவை. 2013-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். இப்போது பெரிய இயந்திரம் திரும்ப இடைஞ்சல் என்று இருக்கிற வரிசைகளையும் சிலர் பிடுங்குகிறார்கள். எனக்கு அதில் ஆத்திரம் உண்டு, இந்த இழையில் வேண்டாம்.

வீடு கட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மரவரிசையை வீட்டுக்கு ஒட்டி நடாதீர்கள். பனி மரத்துக்கு அப்பால்தான் இறங்கும். 30 மீட்டராவது விடுங்கள், இல்லாவிட்டால் மரம் பிடித்த பனி முழுவதும் உங்கள் வாசலில்.

நெய்தல் | வெள்ளி, இரவு 7:40

'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாட்டைப் பாருங்கள். மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் பனி, மூடுபனியும் பனி, ரயிலைப் புதைத்ததும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தைப் பிரித்தவர்கள் இங்கே வந்திருந்தால் பத்துப் பெயராவது வைத்திருப்பார்கள். ஓடுகிற பனிக்கு ஒரு பெயர் வேண்டும்.

ஃபார்கோ_பாரி | வெள்ளி, இரவு 7:52

மண்ணோடு கலந்து அடிக்கிற அழுக்குப் பனிக்கும் ஒன்று வேண்டும். இங்கே 'ஸ்னர்ட்' என்கிறார்கள்.

வன்னிமகன் | வெள்ளி, இரவு 8:05

ஓடுபனி எண்டே சொல்லலாம். தங்கச்சி, அந்தக் கயிற்றைக் கழற்றிப் பத்திரமாக வைத்தீங்களோ? வாசலுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடச் சொல்லுங்கோ.

தாமிரபரணி | வெள்ளி, இரவு 8:30

எங்கே கழற்ற? அன்று இடுப்பிலிருந்து அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்திருக்கிறார். இப்போது கைப்பிடியில் கட்டிய ஒரு முழம்தான் வெளியே தெரிகிறது, மிச்சமெல்லாம் மேட்டுக்குள்ளே கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஏப்ரலில் எடுத்துக்கொள்கிறாராம்.

வன்னிமகன் | வெள்ளி, இரவு 8:34

ஏப்ரலோ? நாளைக்கே கடைக்குப் போய் இன்னொன்று வாங்கச் சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த கிளிப்பர் இருக்கு.